செகிளப்பூவைத் தண்ணீரில் விரித்துப் பார்ப்பது எப்படி

மீன் தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுகிறது என்று பிள்ளைகள் கேட்டால் படம் வரைய வேண்டாம், குழம்புக்கு வாங்கும் அயிலை ஒன்று போதும். எங்கள் களியக்காவிளைப் பக்கம் செவுளை மலையாளத்தில் செகிளப்பூ என்றும் சொல்வார்கள். அது என்ன பூ என்று எனக்கு ரொம்ப நாள் புரியாமலே இருந்தது.

விற்கிறவரிடம் செவுளை எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் குடலோடு சேர்த்துப் பிய்த்து எறிந்துவிடுவார்கள், எனக்கு இரண்டு தடவை அப்படிப் போயிற்று. செவுள் நல்ல சிவப்பாக இருக்கணும். பழுப்பேறிப் பிசுபிசுத்தது இதற்கும் ஆகாது, குழம்புக்கும் ஆகாது.

கன்னத்து மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் உள்ளே ஒரு பக்கத்துக்கு நான்கு வளைவுகள் தெரியும். ஒன்றை மேலும் கீழும் நறுக்கி எடுங்கள். உள்பக்கம் வெள்ளையாகச் சீப்புப் பல் போல இருப்பது மூச்சுக்கு இல்லை, வாயில் வந்த இரை செவுள் வழியே நழுவாமல் தடுக்க. வெளிப்பக்கம் இரண்டு வரிசையாக இருக்கும் சிவப்பு இழைகள்தான் நமக்கு வேண்டியது.

வெள்ளைக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் எடுத்து அதை மெல்ல அலசி மிதக்க விடுங்கள். இழை இழையாகப் பிரிந்து விரியும், பூவேதான்! அப்புறம் வெளியே தூக்குங்கள்: எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, நனைந்த குஞ்சம் மாதிரித் தொங்கும். கரையில் போட்ட மீன் சாவது இதனால்தான். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லி ஆக்சிஜன் இருக்கிறது, கடல்தண்ணீரில் கரைந்திருப்பது 10 மில்லிகூடத் தேறாது, ஆனாலும் இழைகள் ஒட்டிக்கொண்டால் அத்தனை காற்றும் அதற்கு உதவாது.

தண்ணீரில் இருக்கும் அந்தக் கொஞ்சத்தை வைத்து மீன் எப்படிப் பிழைக்கிறது என்றால், ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் இருக்கின்றன, தண்ணீர் ஒரு திசையில் போனால் அவற்றுக்குள் ரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டும் ஒரே பக்கமாக ஓடினால் பாதிப் பாதி ஆனதும் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். எதிரெதிரே போகும்போது, ஆக்சிஜன் ஏறிய ரத்தம் வெளியேறும் இடத்தில்கூட அதைவிட அதிகம் வைத்திருக்கும் புதுத் தண்ணீர் எதிர்ப்படுகிறது. நல்ல செவுள் இப்படி 80 சதவீதம் வரை உறிஞ்சிவிடும், நாம் இழுக்கிற மூச்சில் கால்பங்கு எடுப்பதே பெரிது.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமே? பெரும்பாலான மீன்கள் வாயைத் திறந்து இழுத்து, மூடி, கன்னம் வழியாகத் தள்ளும். சூரைக்கு அந்தப் பம்பு போதாது, வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருக்கணும், நின்றால் மூச்சு நிற்கும்.

உயிர் வரால் வாங்கி வாளியில் விட்டால் இந்த வாய் அசைவைப் பார்க்கலாம். அது துள்ளும் என்று விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி இறுக்கி மூடிவிடாதீர்கள். வராலுக்குச் செவுள் மட்டும் காணாது, அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதற்கு இடமில்லை என்றால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்.