புத்தாண்டு இரவுக்கு ஒரு மூன்று நிறக் காக்டெயில்: சங்குப்பூ, எலுமிச்சை, மாதுளை

வண்ணமயமான காக்டெயில் என்றதும் பலரும் புளூ கியூரசாவோ என்னும் நீல மதுவையும், கடைகளில் கிடைக்கும் செந்நிறச் சிரப்பையும் தேடிப் போகிறார்கள். அவற்றின் நிறம் பெரும்பாலும் செயற்கைச் சாயத்தால் வருவது. அவற்றில் ஒரு புட்டி வாங்கினால் ஓர் இரவுக்குப் பின் அலமாரியில் தூசு படிந்து கிடக்கும். நண்பர்கள் ஆறு பேர் கூடும் ஒரு புத்தாண்டு இரவுக்கு, வேலியில் படரும் சங்குப்பூவும், இரண்டு மூன்று மாதுளையும், ஆறு எலுமிச்சையும், ஒரு புட்டி ஜின்னும் இருந்தால் போதும். அடியில் சிவப்பும், நடுவில் வெளிர்நிறமும், மேலே கருநீலமுமாக நிற்கும் பானம், குடிப்பவர் கரண்டியை விட்டுக் கலக்கியதும் ஊதாவாக மாறும்.

நிறம் மாறுவதற்குக் காரணம் சங்குப்பூவின் இதழில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி. பள்ளி ஆய்வகத்தின் லிட்மஸ் தாளைப் போல இது அமிலத்துக்கும் காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறும். நடுநிலையான நீரில் நீலமாக இருப்பது, எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாகி, சாறு கூடினால் இளஞ்சிவப்பை நோக்கி நகரும். சமையல் சோடா போன்ற காரப்பொருள் பட்டால் பச்சையாகும். தாய்லாந்தில் இந்தப் பூவின் நீரைத் தேனும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிக்கிறார்கள். மலேசியாவின் கிளந்தான் பகுதியில் நாசி கெராபு என்னும் சோற்றுக்கு இதைக் கொண்டே நீலம் ஏற்றுகிறார்கள். கனடாவில் எம்பிரஸ் 1908 என்ற பெயரில் இந்தப் பூவால் நிறமேற்றிய ஜின்னே விற்பனைக்கு வருகிறது. நாம் அதை வீட்டிலேயே மலிவாகச் செய்யப் போகிறோம்.

முந்தைய நாளே செய்து வைக்க வேண்டியவை

மாதுளைப் பாகை முதலில் தயாரியுங்கள். மாதுளை முத்துகளை மிக்சியில் ஓரிரு முறை மட்டும் சுற்றி வடிகட்டி, 200 மில்லி சாறு எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் அரைத்தால் விதைகள் நொறுங்கித் துவர்ப்பு இறங்கிவிடும். சாற்றுடன் 200 கிராம் சர்க்கரையைச் சேர்த்து, மிகக் குறைந்த தீயில், சர்க்கரை கரையும்வரை மட்டும் சூடாக்குங்கள். கொதிக்கவிட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். இந்தப் பானத்தில் நிறமே பாதி விருந்து என்பதால் அவசரப்பட வேண்டாம்.

அடுத்து, 50 கிராம் சர்க்கரையை 50 மில்லி வெந்நீரில் கரைத்துச் சாதாரணப் பாகு ஒன்றையும் செய்து, இரண்டையும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

சங்குப்பூ நீர்

புதிய பூ என்றால் 25 முதல் 30 வரை, உலர்ந்த பூ என்றால் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சங்குப்பூ நிறம் தராது. நீலப் பூவே வேண்டும். புதிய பூவின் அடியிலுள்ள பச்சைப் புல்லியையும் காம்பையும் கிள்ளி எறிந்துவிட்டு, இதழ்களை மட்டும் கழுவுங்கள். இந்தக் கொடியின் வேரும் விதையும் பேதியை உண்டாக்கக்கூடியவை என்பதால், தோட்டத்திலிருந்து பறிப்பவர்கள் காய்கள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொதி அடங்கிய 300 மில்லி நீரில் இதழ்களைப் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் காரத்தன்மை உடையதாக இருப்பதால் நீலத்தில் பச்சை ஏறக்கூடும். வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துவதே நல்லது.

நீர் முழுவதும் ஆறியபின் அதே அளவு ஜின்னைச் சேர்த்து, ஒரு ஜாடியில் ஊற்றிக் குளிர வையுங்கள். ஆறு பேருக்கு 270 மில்லி நீரும் 270 மில்லி ஜின்னும் சரியாக இருக்கும். மதுவால் நிறம் மாறாது. ஆனால் எலுமிச்சை பிழிந்த கரண்டியோ கழுவாத ஜாடியோ பட்டால் விருந்தினர் வருவதற்கு முன்பே ஜாடி ஊதாவாகிவிடும்.

ஜின் இல்லாவிட்டால் வோட்காவோ வெள்ளை ரம்மோ சேர்க்கலாம். பிராந்தியை ஊற்றிப் பார்த்தால் என்ன என்று கேட்கும் நண்பர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். பழுப்பு நிற மது எதுவானாலும் நீலத்தைச் சேற்று நிறமாக்கிவிடும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுக்குகளை ஊற்றுதல்

இந்தப் பானத்தின் வெற்றி கைத்திறனைவிட ஊற்றும் வரிசையில்தான் இருக்கிறது. சர்க்கரை கரைந்த திரவம் நீரைவிடக் கனமானது, மது நீரைவிட இலேசானது. எனவே இனிப்பு மிகுந்தது அடியிலும், இனிப்புக் குறைந்தது அதன்மேலும், மது கலந்தது உச்சியிலும் நிற்கும். வரிசையை மாற்றினால் எவ்வளவு மெதுவாக ஊற்றினாலும் பானம் கலந்துவிடும்.

முதலில் எலுமிச்சைக் கலவையைத் தயார் செய்யுங்கள். ஆறு பேருக்கு 120 மில்லி எலுமிச்சைச் சாறு, 60 மில்லி சாதாரணப் பாகு, 180 மில்லி குளிர்ந்த நீர் என்ற அளவில் கலந்து, விதையும் சக்கையும் இல்லாமல் வடிகட்டுங்கள். இங்கே நீருக்குப் பதில் சோடாவைச் சேர்க்கும் ஆசை எழும். அதன் குமிழிகள் மேலெழுந்து அடுக்குகளைக் குலைத்துவிடும் என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

சுமார் 300 மில்லி கொள்ளும் உயரமான, ஒல்லியான கண்ணாடிக் குவளையை எடுத்து, அதன் அடியில் 20 மில்லி மாதுளைப் பாகை, பக்கச் சுவரில் ஒட்டாதபடி நேராக நடுவில் ஊற்றுங்கள். பிறகு குவளையின் விளிம்புவரை ஐஸ் கட்டிகளை நிரப்புங்கள். ஐஸ் குளிர்ச்சிக்கு மட்டும் அன்று. மேலிருந்து வரும் திரவத்தின் வேகத்தைத் தடுத்து அடுக்கைக் காப்பாற்றுவதும் அதுவே. எனவே இரண்டு மூன்று கட்டிகளோடு நிறுத்திவிட வேண்டாம். அடுத்து 60 மில்லி எலுமிச்சைக் கலவையை ஐஸ் மீது மெல்ல ஊற்றுங்கள். சிவப்பு சற்றே மேலேறி இளஞ்சிவப்பாகப் படர்வது இயல்பு. அது கெடுதல் ஆகாது, எனக்கு அந்தப் படர்தல்தான் பிடிக்கும்.

கடைசியாக, ஒரு கரண்டியைக் கவிழ்த்து அதன் முதுகு மேலுள்ள ஐஸைத் தொடும்படி பிடித்துக்கொண்டு, 90 மில்லி நீலக் கலவையை நூல்போல் ஊற்றுங்கள். எலுமிச்சையும் நீலமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய ஊதாப் பட்டை ஒன்று தானாகவே உருவாகும். மேலே ஒரு புதினாக் கொழுந்தோ சங்குப்பூவோ வைத்தால் போதும்; காகிதக் குடைகளும் பளபளக்கும் குச்சிகளும் இதற்குத் தேவையில்லை.

பரிமாறும்போது

ஒவ்வொருவருக்கும் ஒரு நீளக் கரண்டியைக் கொடுத்து, அடிவரை கலக்கிய பிறகே குடிக்கச் சொல்லுங்கள். கலக்காமல் குடித்தால் முதல் மிடறு முழுவதும் ஜின்னாகவும், கடைசி மிடறு பல்லைக் கூசவைக்கும் பாகாகவும் இருக்கும். ஒரு குவளையில் 45 மில்லி ஜின், அதாவது ஒன்றரைச் சின்னப் பெக் இருக்கிறது. இனிப்பும் புளிப்பும் மதுவின் காட்டத்தை மறைத்துவிடுவதால், எத்தனை குடித்தோம் என்பது நாவுக்குத் தெரியாது; வண்டியோட்டி வீடு திரும்புபவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதற்குச் சட்டத் தடை உண்டு என்பதையும் இளைய நண்பர்களை அழைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மது அருந்தாதவர்களுக்கு ஜின் சேர்க்காத சங்குப்பூ நீரையே 90 மில்லி ஊற்றலாம். அதில் மது இல்லாவிட்டாலும் சர்க்கரையும் இல்லை என்பதால் எலுமிச்சைக் கலவையின்மேல் நன்றாகவே நிற்கும். இன்னும் மெதுவாக ஊற்றினால் போதும். இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், மது கலந்த குவளையில் மட்டும் புதினாவை வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள். மீந்த மாதுளைப் பாகைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்துக்கொண்டு சோடாவில் கலந்து குடிக்கலாம். மீந்த சங்குப்பூ நீரின் நிறம் வைக்க வைக்க மங்கும் என்பதால், ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, அந்த நீலக் கட்டிகளை மறுநாள் எலுமிச்சைச் சாற்றில் போட்டுக்கொள்ளுங்கள்.