வளரி, வலை, திரிசூலம்: ஆயுத விதியில் சறுக்கும் இடங்கள்

மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் பக்கம் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எங்கள் டைஸ் மேசை களைகட்டுவது அப்போதுதான். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிச் சண்டை போடும் கதை விளையாட்டு அது. அதை நடத்தும் கேம் மாஸ்டர் நான். நம்ம ஊர் ஆயுதம் ஒன்றாவது இருக்கட்டுமே என்று வளரி என்ற வளைந்த எறிஆயுதத்தைச் சேர்த்தேன். மறவர் சீமை ஆயுதம் என்ற பாசம் வேறு. சேதத்துக்குப் பத்து முகப் பகடை, 60 அடி வீச்சு, எறிந்தால் கைக்கே திரும்பி வரும். மூன்றாவது வாரம் வாள்காரன், வில்காரன் எல்லோர் கையிலும் வளரி.

பிடித்த ஆயுதத்துக்கு அள்ளிக் கொடுப்பதுதான் முதல் தவறு. இந்த வகை விளையாட்டில் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். குத்துவாளை எறியலாம், ஆனால் நான்கு முகப் பகடைதான். இருகைப் பெருவாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, ஆனால் கேடயம் பிடிக்கக் கை இல்லை. அடி படாமல் காக்கும் கவச எண்ணில் 2 போச்சு. கொடுத்த இடத்தில் ஒன்றைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

வளரியை அப்புறம் இப்படி மாற்றினேன்: ஆறுமுகப் பகடை, 30 அடி, திரும்பி வராது. ஓடுகிறவன் காலைக் குறிவைக்கும் ஆயுதமல்லவா? அதனால் பட்டவன் வலிமைக்கு உருட்டித் தோற்றால் விழுவான். விழுந்தவனை நெருங்கி வெட்டுவது சுலபம். தள்ளி நின்று அம்பு விடுவது கஷ்டம். இப்போது எறிவதற்கு முன் வில்காரனைக் கேட்கிறார்கள்.

அடுத்தது, ஒரு விதி இன்னொன்றோடு மோதுவதைக் கவனிக்காமல் விடுவது. அதே ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலில் வலைக்கு இயல்பான வீச்சு 5 அடி, உச்சம் 15 அடி. எதிரி 5 அடிக்குள் நின்றால், கிட்டத்தில் எறிவதால் பாதகம். அதைத் தாண்டினால் தூரத்தால் பாதகம். ஆக, வேறு சாதகம் எதுவும் கையில் இல்லாவிட்டால் எங்கே நின்று வீசினாலும் இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். எங்கள் மேசையில் வீச்சுவலை போடுகிற ஒரு அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "இதை எழுதுனவன் கரையில கூட நின்னதில்ல போல"ன்னார். திருத்தி வந்த 2024 நூலில் வலையை ஆயுதப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 15 அடிக்குள் ஒருவர்மேல் வீசினால், பொதுவாகத் தப்பிக்க அவர்தான் உருட்ட வேண்டும்.

நிஜத்தை அப்படியே கொண்டுவருகிறேன் என்று அட்டவணை மேல் அட்டவணை போடுவதும் வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974இல் வந்த முதல் பதிப்பில் எல்லா ஆயுதத்துக்கும் ஒரே ஆறுமுகப் பகடை. 1978இல் வந்த விதிநூலில் எந்த ஆயுதம் எந்தக் கவசத்தில் எப்படிப் பாயும் என்று தனி அட்டவணையே இருந்தது. பல மேசைகள் அதைத் தொடவே இல்லை.

சராசரியை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். பெருவாளின் சராசரி 7, பெருங்கோடரியின் பன்னிரண்டு முகப் பகடைக்கு 6.5. ஆனால் 12 விழும் வாய்ப்பு கோடரிக்குப் பன்னிரண்டில் ஒன்று, வாளுக்கு முப்பத்தாறில் ஒன்று. சூதாடுகிறவன் கோடரியைத்தான் எடுப்பான்.

கடைசியாகத் திரிசூலம். 2014 நூலில் ஈட்டிக்கும் அதற்கும் சேதம் ஒன்றே, வீச்சும் ஒன்றே. ஆனால் ஈட்டி ஒரு பொற்காசு, திரிசூலம் ஐந்து. எடையும் கூட, கையாளத் தனிப் பயிற்சியும் வேண்டும். தண்ணீருக்குள் சண்டை என்றாலாவது கைகொடுக்குமா என்றால், நீட்டு வாள்தான் அங்கே திணறும், ஈட்டி திணறாது. திரிசூலத்துக்குக் கூடுதல் சேதம் தர 2024 நூல் வரவேண்டியிருந்தது. எங்கள் மேசையில் அதுவரை அதை வாங்கிய ஒரே ஆள், கையில் வைத்திருந்தால் நன்றாக இருக்கும் என்பதற்காக வாங்கினான்.