பிரசவ வலி நீளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வரும் தலைப்பிரசவக்காரர்களில் அக்கா செய்த தவறையே தங்கையும் செய்கிறாள். கிளினிக் தேதியை விடாதே, இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். வலியைக் கூட்ட ஏற்றும் டிரிப், இடுக்கியோ வேக்குவமோ வைத்துப் பிள்ளையை எடுக்கும் ஆயுதப் பிரசவம், ஆபரேஷன் வரை இழுத்துப் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

"தண்ணி போகுது, வலி வரலையே" என்று வீட்டில் இருப்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதற்குத்தான். லயத்து வீட்டுப் பெண் ஒருத்தி, தலைச்சன் பிள்ளை. காலையில் பனிக்குடம் உடைந்து கைலி நனைந்திருக்கிறது. "மூத்திரம்தான், வலி வரட்டும்" என்றாராம் மாமியார். செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்டில் இருந்த கணவருக்குத் தகவலே போகவில்லை. மறுநாள் மாலை வந்தபோது அவளுக்குக் காய்ச்சல். பிள்ளையின் இதயம் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டிரிப் ஏற்றியும் கர்ப்பப்பை சரியாகச் சுருங்கவில்லை. கடைசியில் ஆபரேஷன். பிள்ளைக்கும் ஊசி மருந்து போட வேண்டியதாயிற்று.

நிறைமாதத்தில் வலிக்கு முன்பே பனிக்குடம் உடைந்த 100 பேரில் ஏறக்குறைய 60 பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாகப் பிடித்துவிடும். அதனால்தான் பெரியவர்கள் "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்கிறார்கள். மற்றவர்களுக்கு நேரம் போகப் போகக் கிருமி மேலே ஏறும். கிருமி தொற்றிய கர்ப்பப்பை சோர்ந்துபோகும், வலி நீளும், நீள நீளத் தொற்றும் கூடும். தலை இறங்காத பிள்ளையென்றால் தொப்புள்கொடி முன்னால் சரிந்துவிடலாம். அப்போது ஒவ்வொரு நிமிடமும் உயிர்க்கணக்கு.

மூத்திரத்தை அடக்க முடியும், பனிக்குட நீரை அடக்க முடியாது. சந்தேகம் வந்தால் சுத்தமான பேட் வைத்து, மணியைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மூத்திரம்தான் என்று தெரிந்து திரும்பிப் போனாலும் உங்களை யாரும் திட்டமாட்டோம்.

முதல் வலிக்கே வார்டுக்கு ஓடுவது

இது நேர் எதிர்த் தவறு. கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகே பிரசவம் வேகம் பிடிக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வரையறுத்தது. அதற்கு முந்திய கட்டம் தலைச்சனுக்கு வெகுநேரம் இழுக்கும். தண்ணீர் உடையவில்லை, ரத்தம் இல்லை, பிள்ளை நன்றாக அசைகிறது, வேறு ஆபத்தும் இல்லை என்றால் வீட்டிலேயே நடங்கள், சாப்பிடுங்கள். சீக்கிரமே வார்டில் படுத்தவர்களுக்குத்தான் டிரிப்பும் ஆபரேஷனும் கூடுதலாக நடக்கின்றன.

மல்லாந்தே கிடப்பது

எழுந்து நடங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுங்கள்.

மூத்திரத்தை அடக்குவது

நிறைந்த மூத்திரப்பை பிள்ளையின் தலையை இறங்கவிடாது.

பிங்க் புத்தகத்து ஸ்டிக்கரைக் கவனிக்காதது

கர்ப்ப செக்கப் விவரங்களை எழுதும் பிங்க் புத்தகத்தில், ஆபத்தின் அளவைக் காட்ட நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சர்க்கரை, பெரிய பிள்ளை, 145 செ.மீ.க்குக் குறைந்த உயரம், மிகுந்த எடை, முந்திய ஆபரேஷன்: இதில் ஒன்று இருந்தாலும், வீட்டில் காத்திருக்கலாம் என்று மேலே சொன்னது உங்களுக்கு இல்லை. ஸ்டிக்கர் சிவப்பு என்றால் அப்போதே ஆஸ்பத்திரி. மஞ்சள் என்றால் வலி எடுத்ததும் எங்கே போக வேண்டும் என்று அடுத்த செக்கப்பிலேயே டாக்டரிடம் கேட்டு, கணவரையும் கேட்கவையுங்கள்.