சென்னைக்கு முக்கால் மணித்தியாலமா? விமானப் பயணக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று தேடினால் 680 கிலோமீற்றர் அளவில் காட்டும். விமானம் மணிக்கு 850, 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அப்படியென்றால் முக்கால் மணித்தியாலம்தானே என்று நினைத்துவிடுகிறோம். டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் என்று இருக்கும்.

இரண்டும் பொய்யில்லை. 680 என்பது நகரத்துக்கு நகரம் நேர்கோட்டில் அளந்த தூரம். கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே இருக்கிறது, மீனம்பாக்கம் சென்னையின் தெற்குப் பக்கம். அதனால் விமான நிலையங்களுக்கு இடையே 650 கிலோமீற்றர் அளவுதான். தூரம் குறைகிறதே தவிர நேரம் குறைவதில்லை. இவ்வளவு கிட்டத்துப் பயணத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான், மிச்சமெல்லாம் ஏறுவதும் இறங்குவதும். டிக்கெட்டில் இருக்கும் நேரமோ இங்கே விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும். ஓடுபாதைக்குக் காத்து நிற்பதும் அதற்குள் அடக்கம்.

சென்னைப் பயணத்தில் நேரத்தைத் தின்பது வானமில்லை, கொழும்பின் காலி வீதி (Galle Road). பேலியகொடையில் அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் அரை மணித்தியாலத்தில் கட்டுநாயக்கா. கொட்டாஞ்சேனைக்காரருக்கு அது பக்கம். வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிடுபவர் பின்னேர நெரிசலில் பேலியகொடைக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. இரவு பத்து மணிக்கு மேப்பில் பார்த்த நேரத்தை நம்பி மாலை ஐந்து மணிக்கு வேன் பிடிக்கக் கூடாது. அப்புறம், இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் பறப்பவர்கள் டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரை ஒருமுறை வாசித்துவிடுங்கள். இரத்மலானை இருப்பது கொழும்புக்குத் தெற்கே, கட்டுநாயக்காவுக்கு நேரெதிர்த் திசை.

இன்னொரு தவறு, இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழிப்பது. சென்னைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் அங்கே இந்தக் கணக்குச் சரிவரும். சிங்கப்பூருக்குச் சரிவராது. அங்கே இரண்டரை மணித்தியாலம் முன்னால். இரவு 12.30க்கு ஏறிக் காலை 7க்கு இறங்கினால் ஆறரை மணித்தியாலம் போலத் தெரியும், பறப்பது நான்குதான். திரும்பும்போது ஒன்றரை மணித்தியாலத்தில் வந்துவிட்டது போல இருக்கும். லண்டன் இன்னும் சிக்கல்: குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை.

லண்டனுக்குப் போகிற நேரமே வருகிற நேரம் என்றும் நினைக்க வேண்டாம். தூரம் ஒன்றுதான், 8,700 கிலோமீற்றர் அளவு. ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். அதனால் திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் குறுகியது. அழைத்துவரப் போகிறவர்கள், போன நேரத்தை வைத்து வரும் நேரத்தைக் கணிக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் விலை கூடியது திகதித் தவறுதான். டிக்கெட்டில் 15ஆம் திகதி 00.45 என்று இருந்தால் 14ஆம் திகதி இரவே வெளிக்கிட வேண்டும். வேனுக்குச் சொல்லும்போதும் "14 இரவு" என்றே சொல்லுங்கள். வெறுமனே "15" என்றால் சாரதி 15ஆம் திகதி இரவுதான் வந்து ஹோர்ன் அடிப்பார்.