பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாற்றலாம் வாங்க: அவசரப்படாமல் மூன்று தவணையில்

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தக்கலையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், நூறு அடி நகர்வதும் நிற்பதுமாகத்தான் போக வேண்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவருக்கு இடது காலுக்கு வேலை இல்லை. ஆனால் அந்தக் கஷ்டத்தையெல்லாம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் படுகிறது. இன்ஜினின் விசையை டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயிலின் சுழற்சியால் விசை கடத்தும் பாகம்) வழியாகக் கடத்துவதும், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், பற்களுக்கு வழவழப்புத் தருவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அந்த ஒரே ஆயில்தான். நின்று நின்று ஓடும்போது சூடு ஏறுகிறது. சூடு ஏற ஏற ஆயில் சீக்கிரம் கெடுகிறது.

எங்கள் சித்தப்பா வைத்திருப்பது பழைய ஹோண்டா சிவிக். 1,70,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இரண்டாம் கை வண்டி என்பதால் கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. போன மாசியில் அவர் வீட்டு முற்றத்தில் வைத்து நானும் அவருமாக மாற்றினோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

உங்கள் கியர்பாக்ஸ் எது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளட்ச் பெடல் இல்லாத எல்லாக் காரும் ஒரே வகை இல்லை. ஏஎம்டி என்று விற்கும் சின்னக் கார்களில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் இயந்திரம் செய்கிறது. அதற்கு மேனுவல் கியர் ஆயில். சிவிடி-க்கு (கப்பியும் பட்டையும் வைத்த வகை) அதற்கென்றே தனி ஆயில். நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய வகைக்கு மட்டும். அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி ஆயில் வேறு. சிவிக்குக்கு முன்பு இசட்-1 என்ற ஆயில், இப்போது அதற்குப் பதிலாக டிடபிள்யூ-1. பழைய ஹூண்டாய் பலவற்றுக்கு எஸ்பி-3. காரோடு வந்த கையேட்டில் எழுதியிருப்பதை வாங்குங்கள். “எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான் சார்” என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

மாற்றலாமா, வேண்டாமா?

“அதிகம் ஓடின வண்டிக்குப் புது ஆயில் ஊற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்” என்று நம் ஊரில் பலரும் சொல்வார்கள். அந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை. கிளட்ச் தட்டு ஏற்கெனவே தேய்ந்து, ஆக்சிலேட்டர் மிதித்தால் இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி நகரத் தயங்குகிற நிலையில் சிலர் கடைசி முயற்சியாக ஆயில் மாற்றுவார்கள். தேய்ந்த தட்டை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. பத்து நாளில் வண்டி நின்றுவிடும், பழி ஆயில் மேல் விழும். உங்கள் கார் அந்த நிலையில் இருந்தால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கியர் ஒழுங்காக விழுகிறது, எப்போதாவது லேசாக ஒரு உதறல், அவ்வளவுதான் என்றால் மாற்றலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். புது ஆயில் பொதுவாகச் செக்கச்செவேல் என்று இருக்கும். பழுப்பு நிறம் வயதைக் காட்டுகிறது. கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால் உள்ளே தட்டு தீய்ந்திருக்கலாம். ரோஸ் மில்க் போல இருந்தால் தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. மழை வெள்ளத்தில் மாட்டிய காரா, ரேடியேட்டருக்குள் கசிவா என்று பார்க்காமல் அதை ஓட்டவே கூடாது. தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சு பிடிப்பு விட்டு உரிந்துவிடும்.

இன்னொன்று. மெஷின் வைத்து மொத்தமாகத் தள்ளி மாற்றும் ஃபிளஷ் முறையைப் பழைய வண்டிக்கு நான் ஏற்பதில்லை. பல வருடமாக மூலையில் படிந்த கசடை ஒரேயடியாகக் கிளப்பிவிட்டால் அது வால்வுகளின் சின்னத் துளைகளில் போய் உட்கார வாய்ப்பு உண்டு. கீழே வடிகிறதை வடியவிட்டு, அதே அளவு மேலே ஊற்றுவதுதான் பழைய வண்டிக்குப் பதமான வழி.

தேவையான சாமான்

ஒவ்வொரு தவணைக்கும் சரியான ஆயில் மூன்று லிட்டர், டிரெயின் போல்ட்டுக்கு (ஆயில் வடிக்கக் கழற்றும் போல்ட்) புது வாஷர், 3/8 அங்குல ராட்செட், நீளக் குழாய் வைத்த புனல், அளவுக் கோடு போட்ட வாளி, ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, நூல் உதிராத துணி. குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலோரக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. குளச்சல், முட்டம் பக்கத்தவர்கள் முந்தின நாளே போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, அதனால் இடவப்பாதியிலும் (ஜூன் மழை) ஐப்பசியிலும் திறந்தவெளியில் இந்த வேலை வேண்டாம். திறந்த துளைக்குள் ஒரு சொட்டு மழைத் தண்ணீரும் போகக் கூடாது.

வேலை

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து சமதரையில் நிறுத்துங்கள். ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால் நன்றாக வடியும், கொதிக்கும் சூட்டில் கை வெந்துபோகும். நம் பக்கத்து முற்றங்கள் பல சரிவானவை, அங்கே ஜாக்கி போடாதீர்கள். பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. கையால் வண்டியை ஆட்டிப் பார்த்து அசையவில்லை என்றால் மட்டும் உள்ளே போங்கள்.

கீழே திறக்கும் முன் ஆயில் ஊற்றும் வழி திறக்கிறதா என்று பாருங்கள். இது முக்கியம். கீழே எல்லாம் வடிந்த பிறகு மேலே மூடி இறுகிக் கிடக்கிறது என்று தெரிந்தால் வண்டியை நகர்த்த முடியாமல் தவிக்க வேண்டியதுதான். சிவிக்கில் டிப்ஸ்டிக் துளை வழியாகவே ஊற்றலாம், மஞ்சள் வளையம் வைத்த கம்பி அது.

அடுத்து டிரெயின் போல்ட். முதல் தடவை செய்பவர்கள் தவறுவது இங்கேதான். இன்ஜின் ஆயில் போல்ட்டைக் கழற்றிவிட்டு, மேலே கியர்பாக்ஸில் ஆயில் ஊற்றிவிடுவார்கள். இன்ஜினில் ஆயிலே இல்லை, கியர்பாக்ஸில் அளவுக்கு மேல்! சிவிக்கில் இன்ஜின் போல்ட் சாதாரண ஆறுமூலைத் தலை. கியர்பாக்ஸ் போல்ட்டின் நடுவில் சதுரக் குழி இருக்கும், ராட்செட்டின் முனை நேராக அதில் உட்காரும். கழற்றியதும் வருகிற நிறத்தைப் பாருங்கள். தேன் நிறத்தில் வந்தால் இன்ஜின் ஆயிலாக இருக்கலாம், நிறுத்தி யோசியுங்கள்.

போல்ட்டின் முனையில் காந்தம் உண்டு. அதில் மை போல நைசான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் இரும்புத் துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. எங்களுக்குப் பசைதான் வந்தது. துடைத்துவிட்டோம்.

சொட்டு நின்றதும் புது வாஷர் போட்டு போல்ட்டை முதலில் விரலால் திருகுங்கள். கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். பலம் காட்டினால் மரை போய்விடும். சிவிக்குக்கு இறுக்கும் அளவு 49 நியூட்டன் மீட்டர்.

இப்போது வாளியைப் பாருங்கள். எங்களுக்கு ஏறக்குறைய 2.4 லிட்டர் வந்திருந்தது. சித்தப்பா பக்கத்தில் நின்று, “மக்களே, எவ்வளவு வந்துதோ அவ்வளவுதான் ஊத்தணும், கூடுதலா ஊத்திராத” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதிகமானால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் நிற்காது. குறைந்தால் கிளட்ச் நழுவும்.

அந்த அளவு புது ஆயிலைப் புனல் வைத்து ஊற்றியபின் வண்டியை இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில வினாடி வையுங்கள். ரேடியேட்டர் விசிறி சுற்றும் வரை சூடானதும் இன்ஜினை அணைத்து, 60 முதல் 90 வினாடிக்குள் டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். இது ஹோண்டா முறை. வேறு பல கார்களில் இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும், கையேட்டைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கே இல்லாமல், குறிப்பிட்ட வெப்பத்தில் வழியவிட்டு அளவு பார்க்கும் கார் என்றால் முதல் முயற்சிக்கு அது ஏற்றதில்லை.

ஏன் மூன்று தவணை?

ஒரு தடவை வடித்தால் எல்லாம் வந்துவிடாது. கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் நிறைய நின்றுவிடும். சிவிக்கில் மொத்தம் ஆறு லிட்டர் பக்கம், அதில் வருவது 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்குப் பின் 60 சதவீதம் பழசு மிஞ்சும். இரண்டாம் தடவை 36, மூன்றாம் தடவை 22 ஆகிவிடும். நாங்கள் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி இடைவெளி விட்டோம். மூன்றாம் தடவை வந்த ஆயிலைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலில் பிடித்தபோது அடியில் சிவப்பு தெரிந்தது. உதறலும் நன்றாகக் குறைந்திருந்தது.

பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள். சட்டப்படியே அது அபாயக் கழிவு. வாழைத் தடத்திலோ ஓடையிலோ கொட்டினால் அடுத்த மழைக்கு அது குளத்துக்குப் போகும், கிணற்றுக்கும் போகலாம்.

அன்று இரவு காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புச் சொட்டு விழுந்திருந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. ஓட்டுவதற்கு முன் மறுபடி அளவு பார்த்துவிட்டு, போல்ட்டைச் சரிசெய்யுங்கள்.