முதல் கிட்டார்: திரும்பச் செய்ய முடியாத மூன்று இடங்கள்

அப்பா கோவை கணபதியில் ஒரு ஃபவுண்டரியின் பேட்டர்ன் ஷாப்பில் 31 வருஷம் வேலை பார்த்தவர். பம்ப்செட் உடலோ புல்லியோ, இரும்பில் வார்க்கப்போகும் எதற்கும் முதலில் மரத்தில் ஓர் உருவம் வேண்டும். அதைச் செய்வதுதான் அவர் வேலை. அவர் போன பிறகு அவருடைய பெட்டி என்னிடம் வந்தது. நாலு இழைப்புளி, பதினோரு உளி, அரங்கள், மூலைமட்டம், எஃகு ஸ்கேல்கள். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். அதுவரை உளியைத் தொட்டதில்லை. அந்தப் பெட்டி துருப்பிடித்துக் கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் கிட்டார் செய்ய உட்கார்ந்தேன். ஞாயிறுகளும் ராத்திரிகளுமாக ஒன்பது மாதம் ஆனது.

என்னைப் போல முதல்முறை செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டாரில் பெரும்பாலான தப்புகளைச் சரிசெய்துவிடலாம். இடைவெளி விழுந்தால் அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம், கீறலைத் தேய்க்கலாம், வெடிப்புக்கு உள்பக்கம் துண்டு வைத்து ஒட்டலாம். மூன்று இடங்களில் மட்டும் அது நடக்காது: ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) வெட்டும் இடம், முகப்பலகைக்கு பிரேஸ் (உள்பக்கம் ஒட்டும் தாங்குகட்டை) ஒட்டும் நாள், கழுத்தின் சாய்வு. உங்கள் பொறுமையில் முக்கால் பங்கை இந்த மூன்றுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

மரமும் பசையும்

முகப்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரம். அது நம் ஊரில் விளைவதில்லை. கிட்டாருக்கென்றே மெல்லியதாக அறுத்து, ஒரே கட்டையிலிருந்து ஜோடியாக விற்பதை வரவழைத்தேன். முதுகுக்கும் பக்கத்துக்கும் ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட். உலகமெங்கும் நல்ல கிட்டார்கள் பலவற்றின் முதுகில் இருப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் இந்த மரம்தான். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும் அமெரிக்காவின் மார்ட்டின் பட்டறை 1969-இல் இதற்கு மாறியது. ஆனால் தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காப்பதற்கென்றே 1990-களில் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது என்றது அது. அதனால் யாரோ கொடுத்தார்கள் என்று துண்டு வாங்காதீர்கள். பில்லோடு விற்கும் இடத்தில் வாங்குங்கள். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகமூடி கட்டாயம். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பைக் கிளப்பும், எனக்குக் கிளப்பியது. கழுத்துக்கு மகோகனி.

பசை விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வீட்டு மேஜை நாற்காலிக்கு ஊற்றும் சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் விடாத இழுப்பில் மெல்ல மெல்ல நகரும். 12 முதல் 53 வரையிலான (அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு கனம்) லைட் கேஜ் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 73 கிலோ இழுப்பைத் தரும், அதுவும் இரவு பகலாக. இசைக்கருவி செய்பவர்கள் பயன்படுத்தும், காய்ந்தால் கெட்டியாக இறுகும் மஞ்சள் மரப்பசையை வாங்குங்கள்.

ஃப்ரெட்: அளப்பதை அளக்க வேண்டும்

நட்டிலிருந்து (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் உட்காரும் துண்டு) சாடில் (உடலின் மேலுள்ள பிரிட்ஜ் கட்டையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) வரையிலான நீளத்தை 650 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் எங்கே என்று தெரியும்: 36.48 மி.மீ. மிச்சமிருக்கும் நீளத்தை மறுபடியும் 17.817-ஆல் வகுத்துக் கூட்டினால் இரண்டாவது 70.92, அதேபோல மூன்றாவது 103.42. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 325-இல் வந்து உட்காரும். உட்காரவில்லையென்றால் கணக்கில் தப்பு.

விரல்பலகையில் குறிக்கும்போது ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளக்காதீர்கள். எல்லாவற்றையும் நட் முனையிலிருந்தே அளங்கள். கால் மில்லிமீட்டர் பிசகினாலும் அது அந்த ஒரு ஃப்ரெட்டோடு நிற்கும். தொடர்ந்து அளந்தால் பிசகும் தொடர்ந்து வரும். பென்சிலால் குறிக்க வேண்டாம், கூர்மையான கத்தியால் கீறுங்கள். ரம்பத்தின் வெட்டு 0.6 மி.மீ. இருக்க வேண்டும். அகலமானால் ஃப்ரெட் கம்பி பிடிக்காது, குறுகினால் கம்பி அடிக்க அடிக்கப் பலகை பின்பக்கமாக வளையும்.

இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். இருபது வெட்டும் போட்டு முடித்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். அதன் பிறகு அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த ஸ்கேலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

“அம்மிணி, இதுலயா அளந்த?”

“ஆமாங்க மாமா. அப்பாவோடதுதான்.”

“இது சுருக்க ஸ்கேலு கண்ணு. இதுல நெச அளவு எடுக்கப்படாது.”

உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதனால் மர அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமல் இருக்க, கோடுகளையே ஒரு சதவீதம் தள்ளித் தள்ளிப் பொறித்த ஸ்கேலைப் பேட்டர்ன்காரர்கள் வைத்திருப்பார்கள். பார்வைக்குச் சாதாரண ஸ்கேல்தான். ஓரத்தில் பொடியாக ஒரு குறி இருக்கும், அவ்வளவே. என் பன்னிரண்டாவது ஃப்ரெட் 325-இல் இல்லை, 328.25-இல் இருந்தது. உடலோடு கழுத்து சேர வேண்டிய பதினான்காவது 360.46-க்குப் பதிலாக 364-ஐத் தாண்டியிருந்தது. மூன்று முறை சரிபார்த்ததும் அதே ஸ்கேலால்தான். முந்நூறு முறை பார்த்தாலும் அது சரி என்றுதான் சொல்லியிருக்கும்.

அந்தப் பலகையை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றில் முதலிலிருந்து வெட்டினேன். ஆகவே, குறிப்பது ஒரு கருவியால் என்றால் சரிபார்ப்பது வேறொரு கருவியால் இருக்கட்டும். குறைந்தது 12-ஆவது ஃப்ரெட்டையாவது டேப், வெர்னியர், இன்னொரு ஸ்கேல் என்று எது கையில் இருக்கிறதோ அதால் அளந்து பாருங்கள். ஒட்டுவதற்கு முன்னால்.

பிரேஸ் ஒட்டும் நாள்

முகப்பலகையின் இரண்டு பாதியையும் புத்தகம் போல விரித்து நடுவில் ஒட்ட வேண்டும். ஒட்டும் விளிம்புகளை இழைத்துச் சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். ஒரு கோடு வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. ஒட்டிய பிறகு 2.8 மி.மீ. கனத்துக்கு இழைத்தேன். தட்டிக் கேட்டுக் கனத்தை முடிவு செய்யும் வித்தையை முதல் கிட்டாரில் முயல வேண்டாம் என்பேன். பானையைத் தட்டி வாங்கும் கைக்கு அதற்கு முன்னால் நூறு பானை தட்டிய பழக்கம் இருக்கிறது. இரண்டாவது கிட்டாருக்கு ஒப்பிட இது கையில் இருக்கும். இதற்கு வெர்னியர் போதும்.

இப்போது ஈரப்பதம். மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும், ஆனால் ரேகைக்குக் குறுக்காகத்தான். ரேகையின் நீளவாக்கில் அசைவே இல்லை என்று சொல்லலாம். முகப்பலகையின் ரேகை கழுத்தை நோக்கி ஓடுகிறது, பிரேஸ்களோ அதற்குக் குறுக்கே கிடக்கின்றன. என் கிட்டாரின் அகலம் 380 மி.மீ. மழைக்காலத்து 70 சதவீத ஈரத்தில் பிரேஸை ஒட்டி, பிறகு அந்தக் கிட்டார் 40 சதவீதமுள்ள ஏசி அறைக்குப் போனால் பலகை அகலத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும். பிரேஸ் விடாது. பலகை கிழியும். ஈரமான நாளில் ஒட்டிய கிட்டாருக்குள் இந்த வெடிப்பு நாள் பார்த்துக் காத்திருக்கும்.

எனவே 45 சதவீதத்தை ஒட்டி ஈரப்பதம் இருக்கும்போதுதான் பிரேஸ் ஒட்ட வேண்டும். சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி வேலை அறையில் மாட்டினேன். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் அது 70-ஐத் தாண்டி நின்றது. பிப்ரவரி, மார்ச் பிற்பகல்களில் 40-க்கே இறங்கியது. அதனால் பிரேஸ், முதுகு இரண்டையும் மார்ச்சில் ஒட்டினேன். பலகைகளை மூன்று நாள் அதே அறையில் காற்றுப் படும்படி நிறுத்தி வைத்த பிறகே பசை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்துக்காரர்கள் ஒரு சிறிய அறையில் ஏசியை ஓட்டி, பலகைகளை அங்கேயே வைத்து, அங்கேயே ஒட்டுங்கள்.

பிரேஸ் அமைப்புக்கு மார்ட்டின் பட்டறை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கையாண்ட எக்ஸ் வடிவத்தைப் பின்பற்றினேன். கட்டைகள் 8 மி.மீ. அகலம், எக்ஸ் சந்திக்கும் இடத்தில் 15 மி.மீ. உயரம். ஸ்ப்ரூஸ் கட்டையை ரம்பத்தால் அறுக்காமல் உளி வைத்துப் பிளந்தால் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மரமே காட்டிவிடும். முகப்பலகை தட்டையாக இருக்கக் கூடாது, 25 அடி ஆரத்தில் லேசாக வெளியே புடைக்க வேண்டும். 380 மி.மீ. அகலத்துக்கு அது 2.4 மி.மீ. எழும்புதல். பிரேஸின் அடிப்பக்கத்தை அந்த வளைவுக்கு இழைத்து, பலகையின் விளிம்புக்கு அடியில் அட்டைத் துண்டுகளை அடுக்கி நடுவை அழுத்தினால் வளைவு வந்துவிடும். அழுத்த கிளாம்ப் எட்டாத இடங்களுக்கு மூங்கில் பிளாச்சு. மேஜைக்கு மேலே ஒரு பிளைவுட் கூரை போட்டு, கூரைக்கும் பிரேஸுக்கும் நடுவே கொஞ்சம் நீளமான பிளாச்சுகளை வில்லாக வளைத்துச் செருகினேன். இருபத்திரண்டு பிளாச்சு. ஒரு கிளாம்ப் விலையில் பாதிகூட ஆகவில்லை.

பக்கம் வளைத்தல்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். எனக்கு ஒரே மாலையில் முடிந்தது. பலகை 2 மி.மீ. கனம்தான் இருக்க வேண்டும். இரண்டரை இருந்தால் போராட்டம். இரண்டு அங்குல இரும்புக் குழாயை வைஸில் கட்டி, உள்ளே கேஸ் டார்ச் காட்டினேன். ஜி.ஐ. குழாய் வேண்டாம், நெருப்பு பட்டால் துத்தநாகப் பூச்சு புகையும். தோசைக்கல்லில் போலத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி உருண்டு ஓடினால் சூடு போதும். இடுப்பு வளைவிலிருந்து தொடங்குங்கள். பலகையை நனைத்துக் குழாய்மேல் முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கணத்தில் மரம் இளகுவது கையில் தெரியும். அதற்கு முன்னால் பலம் கொடுத்தால் முறியும். ஈட்டியில் இயல்பாகவே பிசின் இருப்பதால் நன்றாக வளைந்து கொடுக்கிறது.

கழுத்தின் சாய்வு

கழுத்தைப் பொருத்தப் புறாவின் வால் வடிவ மூட்டு (டவ்டெயில்) வெட்டும் துணிச்சல் எனக்கு வரவில்லை. இரண்டு எம்-6 போல்ட் போட்டேன். கழற்றி மாட்டலாம் என்பதே அதில் பெரிய நிம்மதி. சாய்வு பார்க்க ஒரு நீளமான நேர்ச்சட்டத்தை ஃப்ரெட்டுகளின் மேல் வையுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பிரிட்ஜில் இடித்தாலும் தப்பு, இரண்டு மில்லிமீட்டர் மேலே நின்றாலும் தப்பு. அதைச் சாடிலை உயர்த்தியோ தாழ்த்தியோ சரிக்கட்டப் பார்த்தால் வாசிக்க முடியாத கிட்டார்தான் மிஞ்சும்.

சரிசெய்ய, கழுத்தின் குதிக்கும் (உடலில் சேரும் அடிமுனை) உடலுக்கும் நடுவே உப்புத்தாள் பட்டையைச் சொரசொரப்பு குதியைப் பார்க்க வைத்து, கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டையை உருவ வேண்டும். கொஞ்சம்தான் தேயும். ஐந்து உருவலுக்கு ஒரு முறை மாட்டிப் பாருங்கள். எனக்கு நாற்பது முறைக்கு மேல் ஆனது, இரண்டு ஞாயிறு போனது. நடுக்கோடு இடவலமாக விலகாமல் இருக்கிறதா என்று ஒரு நூலைக் கட்டி அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலிஷும் கம்பியும்

பாலிஷுக்கு அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் பாலிஷ் இருக்கக் கூடாது. மரத்தோடு மரம்தான் ஒட்ட வேண்டும். பிரிட்ஜைக் கழுத்து உறுதியான பிறகே ஒட்டுங்கள். சாடிலை 650-லேயே நிறுத்தாமல், மெல்லிய ஈ கம்பிக்கு 2, தடித்த ஈ கம்பிக்கு 4 முதல் 5 மி.மீ. வரை பின்னால் தள்ளிச் சாய்வாக வைக்க வேண்டும். விரல் அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுவதற்கான ஈடு அது.

கம்பிகளை ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றவில்லை. முதல் நாள் இரண்டு சுரம் குறைத்து, மறுநாள் ஒன்று குறைத்து, மூன்றாம் நாள்தான் முழுதாக ஏற்றினேன். பிரிட்ஜுக்குப் பின்னால் முகப்பலகை ஒரு மில்லிமீட்டர் புடைத்தது, அது இயல்பு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் தடித்த பக்கம் 2.5, மெல்லிய பக்கம் 2 மி.மீ. வைத்தேன்.

ஜூன் காற்று வந்ததும் முகப்பலகை ஈரம் குடித்து எழும்பி, அந்த 2.5 கிட்டத்தட்ட 3 ஆனது. எலும்பில் இன்னொரு சாடில் செய்து, முதலாவதைவிடத் தாழ்வாகத் தேய்த்து, உறையின் பையில் போட்டு வைத்திருக்கிறேன். மீட்டர் 65-ஐத் தாண்டினால் அது, பிப்ரவரி வந்தால் பழையது.