திரையைத் தொடும் முன் கைப்பட்டையைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கத்து மருத்துவமனையில் கணினிப் பதிவுக்குப் புதிதாக மாறும் செவிலியர் முதலில் பழக வேண்டியது தட்டச்சு அன்று. கட்டிலில் இருப்பவர் யாரென்று உறுதிசெய்துகொள்வதே. நகரத்தார் குடும்பங்களில் மூத்த பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரைச் சூட்டுவது வழக்கம். இரண்டு பெயர்களே தலைமுறைதோறும் மாறி மாறி வருவதால், ‘மெ. அழகப்பன்’ என்று தேடினால் தாத்தாவும் பேரனும் ஒரே முதலெழுத்தோடு திரையில் வந்து நிற்கக்கூடும். பிறந்த தேதியும் முதியவர்களிடம் எப்போதும் கைகொடுக்காது. தேதி தெரியாத பலருக்கு ஜனவரி 1 என்றே பதிந்திருப்பார்கள்.

ஆகவே, “நீங்கள் அழகப்பன்தானே?” என்று கேட்காமல், “உங்கள் பெயரைச் சொல்லுங்கள், ஐயா” என்று கேட்டு, கைப்பட்டையிலுள்ள உள்நோயாளி எண்ணைத் திரையோடு ஒப்பிடுங்கள். பார்கோடு இருந்தால், கையில் கட்டியுள்ள பட்டையையே ஸ்கேன் செய்யுங்கள். வேலை சுருக்கமாக முடியட்டும் என்று கேஸ் ஷீட்டில் ஒட்டிய நகலை ஸ்கேன் செய்தால், கணினி சரியென்று சொல்லும். மருந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். ஆபா எனப்படும் 14 இலக்க தேசிய சுகாதாரக் கணக்கு எண் பழைய பதிவுகளை இணைக்கத்தான்; இந்தச் சரிபார்ப்புக்கு அது மாற்றாகாது.

நாடி, மூச்சு, ஆக்சிஜன் போன்ற உடல்நிலை அளவுகளைக் கட்டிலருகிலேயே பதியுங்கள். அவற்றுள் பெரிதும் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சின் எண்ணிக்கை என்பேன். எண்ணாமலே எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று போட்டுவிடுகிறோம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட, நோயாளியின் நிலை மோசமாவதை மதிப்பெண்ணால் காட்டும் நியூஸ்-2 எச்சரிக்கை முறையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரையான மூச்சுக்கு மதிப்பெண் 0. 25-ம் அதற்கு மேலும் போனால் 3. ஒரே ஓர் அளவு 3 பெற்றாலும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 26 முறை மூச்சுவிடும் ஆச்சிக்கு 20 என்று பதிந்தால், எந்த மென்பொருளாலும் எச்சரிக்க இயலாது. நாடி பார்ப்பதுபோல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மார்பின் அசைவில் வைத்து, முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். ஆக்சிஜன் அளவியை நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்துபோகாத விரலில் மாட்டுங்கள்.

மின்சாரமோ இணையமோ நின்றால், அச்சிட்டு வைத்த படிவத்தில் எழுதிப் பிறகு கணினியில் ஏற்றுங்கள். இரவு 9.40-க்குக் கொடுத்த மருந்தை 11 மணிக்குப் பதிந்தாலும், கொடுத்த நேரம் 9.40 என்றே இருக்க வேண்டும். அடுத்த வேளை மருந்தை அந்த நேரத்திலிருந்துதான் கணக்கிடுவார்கள்.